நன்றியும் நம்பிக்கையும்

தொழில் நிலையங்களிலும் வணிக நிறுவனங்களிலும் இன்று அடிக்கடி செவியில் விழும் வாசகம் ஒன்றுண்டு. ‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்’ என்பதே அது. ஊழியர்க்கு நடத்தப்படும் பயிற்சி வகுப்புகளிலும், ஆண்டுவிழா மேடைகளிலும், ஏன், பாடசாலை ஆசிரியர் கூட்டங்களிலுங்கூட இதனைக் கேட்கிறோம். ‘நிறுவனப் பண்பாடு’ என்னும் பெயரால் ஒரு தனித்துறையே வளர்ந்துவிட்டது. ஒன்றாக உழைப்போர் ஒருவரையொருவர் நம்பவேண்டும், மதிக்கவேண்டும் என்பதை மறுப்பார் யாருமிலர். பகையும் ஐயமும் நிறைந்த இடத்தில் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது மனிதனுக்குத் தண்டனையேயாகும். ஆகவே, நல்லுறவு வேண்டுமா வேண்டாமா என்பதன்று நம்முன் உள்ள வினா. அந்நல்லுறவு எதன்மீது கட்டப்படுகிறது என்பதே வினா. அது நன்றியின்மீது நிற்கிறதா, உரிமையின்மீது நிற்கிறதா?

இவ்வினா புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்றோர் அதிகாரமுண்டு. வினைக்குரியாரை அரசன் எவ்வாறு ஆராய்ந்து நம்பவேண்டும் என்பதை அது கூறுகிறது. ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என்ற மற்றோர் அதிகாரம், அரசனை அடுத்து வாழ்வோர் எத்துணை விழிப்புடன் நடந்துகொள்ளவேண்டும் என்பதை உரைக்கிறது. ஆராய்ந்து தெளியும் தகுதி மேலோனுக்கு. அறிந்து ஒழுகும் கடமை கீழோனுக்கு. கொடுங்கோன்மையைக் கண்டிக்கும் அறவுணர்வு அந்நூலில் இல்லாமல் இல்லை. ஆயினும், ஊழியன் தன் தலைவனை ஆராய்ந்து தெளிவதற்கான வழி எதுவென்று கேட்கும் நிலை அக்காலச் சமுதாயத்தில் எழவில்லை. மன்னராட்சி மறைந்தபின்னும் பணியிடங்களில் அவ்வொருவழிப் பாதையே நீடித்து வருகின்றது.

நமது மலையகத்தின் வரலாற்றை நோக்குவோம். தோட்டங்களுக்கு ஆட்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணி, பெரும்பாலும் தன் ஊரவரையும் உறவினரையும் சாதியாரையுமே அழைத்து வந்தான். அவன் அவர்களுக்கு அந்நியன் அல்லன். நோய்வாய்ப்பட்டால் அவனே உதவினான். திருமணத்திற்கும் சாவுக்கும் அவனே முன்பணம் தந்தான். ‘ஒரே குடும்பம்’ என்ற சொல் எங்காவது பொருந்துமெனில் இங்கே பொருந்தியிருக்கவேண்டும். ஆனால் அக்குடும்பத்தின் கணக்கேடு வேறு கதையைச் சொல்கிறது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளியின் கடனோ தோட்டத்திலிருந்து தோட்டத்திற்கு அவனைத் தொடர்ந்து சென்றது. கடனைத் தீர்த்தால் இவ்வாட்களை விடுவிக்கச் சம்மதம் எனத் துரை எழுதிக் கொடுக்கும் ஒரு காகிதத் துண்டிலேயே ஒரு கூட்டத்தின் வாழ்வு கைமாறியது. அத்துண்டுமுறை 1921 ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. உறவு பொய்யன்று, உதவியும் பொய்யன்று. அவ்வுறவே விலங்காகவும் இருந்தது என்பதுதான் நாம் உணரவேண்டிய உண்மை.

கங்காணி பேராசை கொண்டவனாதலால் அவ்வாறு நேர்ந்தது, நல்ல மனம் படைத்த தலைவனின்கீழ் நிலைமை வேறாகும் எனச் சிலர் கூறலாம். எனவே, நல்ல தலைவர்களுள் தலைசிறந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம்.

ஸ்கொட்லாந்திலே கிளைட் நதிக்கரையில் நியூ லனார்க் என்னும் ஊரிலிருந்த பருத்தி ஆலைகளின் முகாமையை, 1800 ஆம் ஆண்டு றொபேட் ஓவன் ஏற்றார். பத்து வயதுக்குட்பட்ட சிறுவரை ஆலையில் அமர்த்தும் வழக்கத்தை அவர் நிறுத்தினார். தரமான பொருள்களைக் குறைந்த விலைக்கு விற்கும் கடையை நடத்தினார். 1816 இல் குழந்தைகளுக்கும் வளர்ந்தோருக்கும் கல்வியளிக்கும் நிலையமொன்றைத் திறந்தார். அமெரிக்காவின் தடையால் பருத்தி வரத்துக் குன்றி ஆலைகள் நின்ற நான்கு மாத காலத்தில், இயந்திரங்களைத் துப்புரவாக வைத்திருப்பதற்காகத் தொழிலாளர்க்கு முழுச் சம்பளமும் கொடுத்தார். அதுவரை அவரை ஐயத்துடன் நோக்கிய மக்கள் அதன்பின்னரே அவரை நம்பத் தொடங்கினர். ஏனைய முதலாளிகள் மனிதரைக் கரிபோல எரித்துக்கொண்டிருந்த காலத்தில் இவற்றைச் செய்தவர் அவர் என்பதை மறத்தல் தகாது.

அதே ஆலையில் ‘மௌனக் கண்காணி’ எனப்பட்ட ஒரு கருவியும் இருந்தது. நான்கு பக்கங்களிலும் நான்கு நிறம் தீட்டிய சிறு மரக்கட்டை அது. ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் தொங்கவிடப்பட்டது. முதல்நாளின் நடத்தை தீயதாயின் கறுப்பு, சுமாராயின் நீலம், நன்றாயின் மஞ்சள், மிக நன்றாயின் வெள்ளை நிறம் முன்னே தெரியும்படி மேற்பார்வையாளர் அதனைத் திருப்பிவைப்பர். நாள்தோறும் அது ஏட்டிலும் பதியப்பட்டது. அடியுமில்லை, வசவுமில்லை. ஓவன் ஆலையினூடே நடந்து செல்கையில் நிறத்தைப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார். தனக்கிட்ட நிறம் நியாயமற்றது எனக் கருதுபவர் அவரிடமே முறையிடலாம். பிரம்பைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும் ஒன்றைக் கவனிப்போம். தொழிலாளியின் நடத்தையைக் காட்டக் கட்டை இருந்தது. மேற்பார்வையாளரின் நடத்தையைக் காட்டவோ, ஓவனின் நடத்தையைக் காட்டவோ தொழிலாளர் கையில் ஒரு கட்டையும் இருக்கவில்லை. இக்குறையைப் பிறரைவிடத் தெளிவாகக் கண்டவர் ஓவனே. தம் தொழிலாளர் தமது தயவில் வாழும் அடிமைகளாகவே இருந்தனர் என்ற கருத்தை அவரே பின்னாளில் எழுதினார். நல்லவர் ஒருவரின் நேர்மையிலிருந்து பிறந்த இவ்வொப்புதலைவிட வலிய சான்று வேறு வேண்டுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இக்கட்டை இன்னும் நுண்ணிய வடிவம் பெற்றது. சிக்காகோ நகருக்கு அண்மையில் ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள், மனித உறவு என்ற கோட்பாட்டுக்கு ஊற்றாகக் கொள்ளப்படுகின்றன. தனியறையொன்றில் பெண் தொழிலாளர் சிலரை வேலைசெய்ய வைத்து, ஓய்வுநேரத்தையும் வேலைநேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தனர். உற்பத்தி பெருகியது. தம்மைப் பிறர் கவனிக்கின்றனர், மதிக்கின்றனர் என்ற உணர்வே காரணம் எனப் பலர் விளக்கம் கூறினர். ஆனால் 1928 சனவரியில், மிகுதியாகப் பேசுகின்றனர், ஒத்துழைக்க மறுக்கின்றனர் என்று இரு பெண்கள் அவ்வறையிலிருந்து அகற்றப்பட்டு வேறிருவர் அமர்த்தப்பட்டதைப் பாடநூல்கள் பெரும்பாலும் அழுத்திச் சொல்வதில்லை. இணக்கம் நிலவிய அறையில், இணங்காதோருக்கு இடமிருக்கவில்லை.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? நன்றியும் நம்பிக்கையும் ஒன்றல்ல. நன்றி, பெற்றுக்கொண்டவனின் உணர்வு. கொடுப்பவன் நிறுத்தும் உரிமையைத் தன்னிடமே வைத்திருக்கும்வரை, அந்நன்றியில் அச்சத்தின் நிழல் படிந்தே இருக்கும். நம்பிக்கையோ, ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய இருவரிடையேதான் பிறக்கும். மறுத்துரைத்தால் வேலை போய்விடும் என அஞ்சுபவன் தலையசைப்பதை நம்பிக்கை என்று தலைவன் கருதினால், ஏமாறுபவன் தலைவனேயாவான். குடும்பம் என்ற உவமையும் இங்கேதான் உடைகிறது. ஆட்குறைப்பு என்ற பெயரால் தன் பிள்ளையை ஒரு மாத முன்னறிவித்தலுடன் நீக்கும் குடும்பம் எங்குமில்லை.

அவ்வாறாயின் உடைமையை மாற்றிவிட்டால் உறவும் தானே மாறிவிடுமா? முற்போக்காளர்களாகிய நாம் இவ்வினாவை நேர்மையுடன் எதிர்கொள்ளவேண்டும். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் நம் நாட்டின் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. கம்பனிகளின் பெயர்ப்பலகைகள் மாறின. லயன் அறைகள் மாறவில்லை. காலைப் பிரட்டும் மாறவில்லை. துரை என்ற விளியும் மாறவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தள்ளிவைக்கப்பட்ட தொழிலாளருள் பெருந்தொகையினர், அப்போது இந்நாட்டின் குடிமக்களாகவே கணிக்கப்படவில்லை. தோட்டம் மக்களுக்குச் சொந்தமாயிற்று. அம்மக்களுள் கொழுந்து பறித்தவள் அடங்கவில்லை. 1992 இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றபோதும் அவளிடம் கேட்டவர் யார்?

கூட்டுறவின் வரலாற்றிலும் இதனைக் காணலாம். இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் 1844 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், 28 உறுப்பினரைக் கொண்ட சங்கமொன்று மாவும் வெண்ணெயும் சீனியும் விற்கும் சிறு கடையைத் திறந்தது. ஒருவர்க்கு ஒரு வாக்கு என்பது அதன் விதி. அதே இயக்கத்திலிருந்து 1854 இல் தோன்றிய ஆலைச் சங்கம், இலாபத்தில் உழைப்புக்கும் பங்குண்டு என்ற கொள்கையுடன் தொடங்கிற்று. ஆலை செழித்தது, பங்குதாரர் பெருகினர். 1862 இல் அப்பங்குதாரர் வாக்களித்துத் தொழிலாளரின் பங்கை நீக்கினர். வாக்கு இருந்தது, ஆனால் உழைத்தவர் கையில் இருக்கவில்லை. ஸ்பெயின் நாட்டு மொண்ட்றகோனில் 1956 முதல் வளர்ந்த தொழிலாளர் கூட்டுறவுகள் இன்னும் முன்னே சென்றன. அவற்றின் முதன்மையான நிறுவனமொன்று 2013 இல் முறிந்தபோது, அதன் உறுப்பினர் பலருக்கு ஏனைய கூட்டுறவுகள் இடமளித்தன. அது தயவன்று, அமைப்பின் கடமை. ஆயினும் பிறநாடுகளில் அந்நிறுவனத்தின் கிளைகளில் உழைத்தோர் உறுப்பினராக்கப்படாமையால், அக்கடமை அவர்களை எட்டவில்லை.

ஆகவே ஒரு நிறுவனத்தின் பண்பாட்டை அளக்கவேண்டுமாயின், அங்கு எத்தனை விழா நடக்கிறது எனக் கேட்பதிற் பயனில்லை. கணக்கேட்டை யார் பார்க்கலாம்? தவறு செய்த மேலதிகாரியின் தவறு எங்கே பதியப்படுகிறது? மறுத்துப் பேசியவர் மறுநாளும் அதே நாற்காலியில் அமர்கின்றாரா? ‘நாம்’ என்று சொல்லும்போது, வாயிலைக் காப்பவரும் தரை கூட்டுபவரும் அதனுள் அடங்குகின்றனரா? இவற்றுக்கு நேரான விடை கிடைக்குமிடத்தில் அன்பும் இயல்பாக வளரும். விதிகள் மட்டும் தோழமையை உண்டாக்கிவிடா; ஆனால் விதிகளற்ற இடத்தில் பிறக்கும் தோழமை, மேலிருப்பவரின் மனநிலைக்கேற்பத் தோன்றி மறையும்.

இவ்வினாக்களை ஆலைக்கும் வங்கிக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டு ஆசிரியர்களாகிய நாம் ஒதுங்கி நிற்கமுடியாது. மாணவன் முதன்முதலில் காணும் நிறுவனம் பாடசாலையே. அங்கே அவன் பணிவை மட்டும் பயின்றால், நாளை எந்த அலுவலகத்திலும் தன் கட்டையின் நிறத்தை எண்ணி நடுங்குபவனாகவே இருப்பான். அல்லது பிறர் கட்டையைத் திருப்புபவனாவான். காரணம் கேட்கவும், கேட்ட காரணம் சரியெனில் ஏற்கவும் அவன் நம் வகுப்பறையிலேயே பழகட்டும். நன்றியுணர்வுள்ள ஊழியரை உருவாக்குவது எளிது. ஒருவரையொருவர் நம்பத்தக்க சமமானவர்களை உருவாக்குவதே கல்வியின் பணியாகும்.