மயிலுக்கு ஒரு நியாயம், புழுவுக்கு ஒரு நியாயமா?

 

பங்குனி உத்திரத்துக்கு மாலை போட்டிருக்கிற நண்பன் ஒருத்தன் போன்ல கேட்டான். "விரதத்துல இருக்கும்போது செடிக்கு மருந்து அடிக்கலாமாடா? புழுவும் உயிர்தானே?" கறி, மீன், முட்டை எல்லாத்தையும் விட்டுட்டு, மொட்டை மாடியில வளர்க்கிற கத்தரிச் செடி முன்னாடி ஸ்ப்ரேயரோட நிக்கிறான். சிரிச்சுட்டு விட்டுடற கேள்வி இல்ல இது. 'தாராளமா அடி'ன்னோ 'ஐயோ, பாவம்'னோ ஒரே வரியில சொல்லவும் எனக்கு வரல. எங்க தோட்டத்துல இந்த மாசம் நடக்கிறதைச் சொன்னா ஏன்னு புரியும்.

எங்க ஊர் பழநிக்கும் உடுமலைக்கும் நடுவுல இருக்கு. எனக்கு கோயம்புத்தூர்ல சாஃப்ட்வேர் வேலை, வாரத்துல மூணு நாள் வீட்டுல இருந்தே. வீட்டுக்குப் பின்னாடி பத்து சென்ட். காலண்டர்ப்படி இளவேனில் சித்திரையிலதான் ஆரம்பம். செடிக்குக் காலண்டர் தெரியாதே, பங்குனியிலேயே கொழுந்து விட்டுடுது. மாசியில ஊன்றின வெண்டை மொட்டு வச்சிருக்கு. பந்தல்ல புடலையும் பீர்க்கனும் கம்பி பிடிச்சு ஏறுது. முருங்கை காய்ச்சுத் தொங்குது, மாமரத்துல வடு. வேம்பு பழைய இலையை உதிர்த்துட்டு செம்பழுப்பாத் துளிர்த்து, பூவும் வந்தாச்சு. தொட்டிப் பக்கம் புதினா, கற்பூரவல்லி, துளசி, வேலியில தூதுவளை. ஓரமா மூணு கறிவேப்பிலைக் கன்னு. ஸ்டாண்ட்-அப் கால் முடிஞ்சதும் நான் மொதல்ல போய் நிக்கிற இடம் அதுதான்.

கொழுந்து வந்தா கூடவே ரெண்டு விருந்தாளி வந்துடுவாங்க. ஒண்ணு மயில். இன்னொண்ணு புழு.

மயில் வர்றது விடிகாலையில, மறுபடி பொழுது சாயும்போது. பாத்தியில போட்ட விதையைக் கிளறும், கீரை நாத்தைக் கொத்தும், பழுக்கிற தக்காளியில ஆளுக்கொரு கொத்து. நான் ஓடிப்போய் கை தட்டுவேன். வீட்டுக்குள்ள இருந்து அம்மாயி, "அட, முருகன் வாகனம் கண்ணு, கல்லு கில்லு எறிஞ்சுடாதே"ன்னு குரல் கொடுப்பாங்க. அதே அம்மாயிதான் சாயங்காலம் கறிவேப்பிலைக் கன்னுல புழுவைப் பார்த்தா ரெண்டு விரலால எடுத்து செருப்புக்கடியில வச்சு நசுக்கிட்டு, "ஆச்சு, போ"ம்பாங்க. ரெண்டுமே எங்க செடியைத்தான் தின்னுது. சொல்லப்போனா மயில் ஒரு காலையில செய்யற சேதத்தைச் செய்ய புழுவுக்கு ஒரு வாரம் ஆகும்.

ஏன் இந்த வித்தியாசம்? அம்மாயிகிட்ட கேட்டேன். "அது சாமி, இது பூச்சி." அவ்வளவுதான்.

கறிவேப்பிலையில இருக்கிற அந்தப் புழு யாருன்னு பார்ப்போம். பெரும்பாலும் கறிவேப்பிலை அழகிங்கிற கருப்பு வண்ணத்துப்பூச்சியோட குழந்தை. தாய் இளங்கொழுந்தாப் பார்த்து ஒவ்வொரு முட்டையா வச்சுட்டுப் போகும். மூணு நாலு நாள்ல பொரிஞ்சுடும். சின்னதா இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இருக்கும், யாரும் தின்ன மாட்டாங்க. பெருசானா இலைப் பச்சை. தொட்டா தலைக்குப் பின்னாடி இருந்து சிவப்பா கொம்பு மாதிரி ஒண்ணை நீட்டி ஒரு நாத்தத்தை விடும், பயமுறுத்துறதுக்கு. முழங்கால் உயரக் கன்னுல அஞ்சாறு புழு இருந்தா ஒரு வாரத்துல குச்சிதான் மிச்சம். செருப்புக்கடியில போனது கூட்டுப்புழுவாகி, ரெக்கை முளைச்சு வந்திருந்தா நாமளே ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சிருப்போம். அழகா இருக்கிற வாரத்துக்கு லைக், அசிங்கமா இருக்கிற வாரத்துக்குச் செருப்பு. உயிர் என்னவோ ஒண்ணுதான்.

மயில் கதையும் நமக்குத் தெரிஞ்சதுதான். கந்தபுராணத்துல சூரபத்மன் மாமரமா நிக்க, வேல் அதைப் பிளக்க, ஒரு பாதி மயில், இன்னொரு பாதி சேவல். நாம கும்பிடற மயிலே ஒரு காலத்துல எதிரி. அதனால கறிவேப்பிலைப் புழுவையும் வாகனமா ஏத்துக்கணும்னு நான் சொல்ல வரல. நம்ம கையில இருக்கிறது வேல் இல்ல, வேப்பங்கொட்டைக் கரைசல். ஆனா எதைக் காப்பாத்தணும், எதைக் கொல்லலாம்னு நாம போடற கோடு அந்த உயிர்ல இல்ல, நம்ம கண்ணுல இருக்கு. இந்தக் கதை எனக்கு அதைத்தான் காட்டுது.

இப்போ மயிலைக் காப்பாத்தறோம்ல, அதுக்கு யார் காசு கொடுக்கிறாங்க?

பக்கத்துக் காட்டுக்கார அண்ணன் போன ஆடியில அரை ஏக்கர் நிலக்கடலை விதைச்சார். மூணாம் நாள்ல இருந்து மயில் கூட்டம். வரிசை பிடிச்சு வந்து கிளறிட்டே போச்சு. பாதிகூட முளைக்கல. தகர டப்பா கட்டினார், பழைய புடவை கட்டினார், பட்டாசு போட்டார். மயிலுக்கு ரெண்டு நாள்ல எல்லாம் பழகிடுது. நரி இல்லாமப் போனதுதான் காரணம்னு சிலர் சொல்றாங்க, சீமைக்கருவேலம் பரவினதுன்னு சிலர். எதுவா இருந்தாலும் கொங்குப் பக்கம் மயில் பெருகினதுக்கு அண்ணன் பொறுப்பில்ல. சட்டம் தெளிவா இருக்கு. மயில் 1963ல இருந்து தேசியப் பறவை. 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில வருது. கொன்னா குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். விஷம் கலந்த தானியத்தைத் தின்னு மயில்கள் செத்துக் கிடந்ததுன்னும், விவசாயி கைதுன்னும் நம்ம மாநிலத்துல அப்பப்போ செய்தி வரும். நாமளும் 'இவனெல்லாம் மனுஷனா'ன்னு கமெண்ட் போட்டுடுவோம்.

விஷம் வைக்கிறது தப்பு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. மயிலோட காகம், நாய், கீரின்னு எதெல்லாம் சாகும்னு யாருக்கும் தெரியாது. ஆனா அண்ணன் என்கிட்ட ஒருநாள் சொன்னார்: "தம்பி, உங்க சாமி வண்டிதானுங்களே? ஓட்டுறது நீங்க, பெட்ரோல் மட்டும் நானுங்களா?" சிரிச்சுட்டேதான் சொன்னார். எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல. மழைக்காலம் முடியற சமயத்துல மயில் தானா உதிர்க்கிற இறகைப் பொறுக்கி நாம காவடியில கட்டறோம். விராலிமலையில மயில் பாறை மேல நிக்கிற வீடியோவை ஃபார்வர்ட் பண்றோம். இறகு நமக்கு, தீவனம் அவர் கணக்குல.

திரும்ப நண்பன் கேள்விக்கு வர்றேன். 'நான் ஆர்கானிக், கெமிக்கல் தொட மாட்டேன்'னு சொல்லித் தப்பிக்கிறவங்க நம்மள்ல நிறைய. நானும் வேப்பங்கொட்டைக் கரைசல்தான் அடிக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் பருப்பை இடிச்சு, ராத்திரி ஊற வச்சு, காலையில வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைச்சுச் சேர்க்கணும். அது என்ன செய்யுதுன்னு தெரிஞ்சுக்கங்க. புழுவுக்கு இலை பிடிக்காமப் போகும், தோல் உரிக்க முடியாது, நாள் கணக்குல வாடிச் சாகும். அம்மாயி செருப்பு ஒரு நொடியில முடிக்கிறதை இது நாலு நாள் இழுக்குது. மண்ணுக்கும் தேனீக்கும் நல்லது, அதனால அடிக்கிறேன். கொலை இல்லைன்னு நினைச்சு அடிக்கல.

தோட்டமே வேண்டாம், கடையில வாங்கிக்கறேன்னாலும் தப்பிக்க முடியாது. கத்தரியில தண்டையும் காயையும் துளைக்கிற புழு ஒண்ணு இருக்கு. சந்தைக்கு வர்ற புழு இல்லாத பளபளப்பான காய்க்குப் பின்னாடி எத்தனையோ தடவை மருந்து அடிச்சிருப்பாங்க. அந்த மருந்தை மூச்சுல இழுத்தவர் வேற ஒருத்தர். விரதத்துல நாம சாப்பிடற சாம்பார்லயும் அந்தக் கணக்கு இருக்கு.

சமணர்கள் இதை ரொம்ப முன்னாடியே யோசிச்சிருக்காங்க. எறும்பைக்கூட மிதிக்கக் கூடாதுங்கிற சமயம்தான். ஆனா வந்தவாசி, ஆரணிப் பக்கம் தமிழ்ச் சமணர்கள் நிறைய பேர் தலைமுறை தலைமுறையா விவசாயம்தான் பண்றாங்க. ஏர் ஓட்டினா மண்புழு சாகும்னு தெரியாதா? இல்லறத்தார் செய்யற இம்சையை அவங்க நூல்கள் வகை பிரிக்குது: வீட்டு வேலையில ஆகிறது, தொழில்ல ஆகிறது, தற்காப்புல ஆகிறது, கொல்லணும்னே கொல்றது. கடைசியை அறவே விடணும், மத்ததைக் குறைச்சுக்கிட்டே வரணும். இது எனக்குப் பிடிச்சிருக்கு. ஏன்னா 'குறைச்சுக்கிட்டே'ங்கிற சொல்லுல வேலை இருக்கு, செலவு இருக்கு.

இயற்கையே அப்படித்தானே, ஒண்ணை ஒண்ணு கொல்லத்தானே செய்யுதுன்னு ஒரு வாதம் வரும். ஆமா. 2008ல கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி புதுசா வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாத்தையும் வெள்ளையா மூடினப்போ எந்த மருந்தும் சரியாக் கேக்கல. 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து கண்ணுக்கே தெரியாத குளவிகளைக் கொண்டுவந்து விட்டாங்க. அது மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும், குஞ்சு உள்ளேயே தின்னு ஓட்டை மட்டும் விட்டுட்டு வெளிய வரும். நம்ம பப்பாளி பிழைச்சது அதாலதான். இதே மாதிரி குளவிகளை நினைச்சுத்தான் டார்வின் 1860ல ஆசா கிரேங்கிற நண்பருக்கு எழுதினார், கருணையுள்ள கடவுள் வேணும்னே இப்படி ஒண்ணைப் படைச்சிருப்பார்னு தன்னால நம்ப முடியலைன்னு. என்கிட்ட பதில் இல்ல. கும்பிடறதையும் நிறுத்தல. ஆனா குளவிக்கு வேற வழி கிடையாது, எனக்கு உண்டு. குளவியைக் காட்டி என் ஸ்ப்ரேயருக்கு நியாயம் கேக்கறது சரியா வராது.

அதனால நண்பனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். மொதல்ல மருந்தில்லாத வழி இருக்கான்னு பாரு, அதுக்கு உன் நேரமோ காசோ போகுதுன்னா போகட்டும். தினமும் இலையைத் திருப்பி முட்டையிலேயே எடுத்துடு. புழு துளைச்ச தண்டை நறுக்கி அப்புறப்படுத்து. அப்படியும் முடியலைன்னா அடி, விரதமா இருந்தாலும் அடி, ஆனா என்ன செய்யறேன்னு தெரிஞ்சு அடி. அருவருப்பா இருக்குன்னு மட்டும் எதையும் நசுக்காதே. அவனுக்கு முழுத் திருப்தி இல்ல. "அப்போ பாவமா இல்லையா, அதைச் சொல்லு"ன்னான். பாவ புண்ணியக் கணக்கு என் சர்வர்ல இல்லைன்னுட்டேன்.

எங்க வீட்டுல மூணு கறிவேப்பிலைக் கன்னுல கடைசியா நிக்கிறதைப் புழுவுக்கே விட்டாச்சு. மத்த ரெண்டுல இருக்கிறதை அதுல கொண்டுபோய் விடறேன். அம்மாயி அதுக்கு 'சத்திரம்'னு பேர் வச்சிருக்காங்க, கிண்டலாத்தான். நாத்து பாத்திக்கு மேல வலை போட்டேன், 2,000 ரூபாய்க்கு மேல ஆச்சு. வலை போடறவங்க நல்லா இழுத்து விறைப்பாக் கட்டுங்க. தொளதொளன்னு விட்டா சாரைப்பாம்பு மாட்டிக்கும்.

ஆனா பத்து சென்ட்டுக்கு வலை போடலாம், அண்ணனோட அரை ஏக்கருக்கு அவர் எங்க போவார்? எங்க ஊர் காவடிக் குழுவுல இதைப் பேசினேன். பங்குனி உத்திர அன்னதானத்துக்கு வசூலாகிறதுல ஒரு பங்கை எடுத்து, மயில் இறங்கற காடு வச்சிருக்கிற சின்ன விவசாயிகளுக்கு விதைப்புச் சமயத்துல வலையோ காவல் கூலியோ கொடுக்கலாம்னு. ரெண்டு பேர் உடனே சரின்னாங்க. ஒருத்தர், "இது எப்படி தம்பி பக்தியில வரும்?"னு கேட்டார். குழுத் தலைவர் யோசிக்கலாம்னு சொல்லியிருக்கார். வர்ற செவ்வாய்க்கிழமை கோயில் மண்டபத்துல மறுபடி பேசறோம், அண்ணனையும் வரச் சொல்லியிருக்கேன்.