சோதனை வருமுன்னே பயிற்சி



அர்ச். தோமையார் வேதசாட்சியாக இரத்தஞ் சிந்திய இடமென்று நம் முன்னோர் வணங்கிவந்த பரங்கிமலையை அறிவீர்கள். அம்மலைக்கு அருகே இராணுவ அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கழகம் ஒன்று உண்டு. 1962-ஆம் ஆண்டுச் சீன யுத்தத்திற்குப் பின், 1963-இல் அது தொடங்கப்பட்டது. 1988 முதல் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் என்று பெயர் பெற்றது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். கல்லூரிப் படிப்பு முடித்து, நேற்றுவரை தாயார் எழுப்ப எழுந்த பிள்ளைகள், அங்கே 49 வாரத்தில் அதிகாரிகளாக உருவாகிறார்கள்.

புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரங்களே மிகக் கடினம். பொழுது புலருமுன் எழுந்து, காலணி கட்டி, மைதானத்தில் வரிசையாக நிற்கவேண்டும். "உஸ்தாத்" என்று அழைக்கப்படும் பயிற்சியாளர் விசில் ஊதினால் ஓட்டம், தண்டால், கம்பியில் தொங்கி எழும்புதல், கயிறு ஏறுதல். கெண்டைக்கால் வலிக்கும், உள்ளங்கை கொப்பளிக்கும். ஆயினும் "இன்று எனக்கு மனமில்லை" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. நாளடைவில் தூரம் கூடும், சுமையும் கூடும். பின்னர் சீருடையோடு துப்பாக்கி ஏந்தி 5 கிலோமீட்டர் தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்கிறார்கள்.

யுத்தமோ அன்று இல்லை. எதிரியும் கண்ணெதிரே இல்லை. பின்னை ஏன் இந்தப் பாடு? யுத்த நாளில் பலத்தைத் தேடினால் கிடைக்காது; சமாதான நாளிலேயே அதைச் சேர்த்து வைக்கவேண்டும். இதுவே அதன் காரணம்.

வாடிப்போகும் கிரீடத்துக்காகப் பந்தயக்காரர் இவ்வளவு ஒறுத்தல் செய்தால், வாடாத கிரீடத்தை நாடும் நாம் எவ்வளவு செய்யவேண்டும் என்று அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு நினைப்பூட்டினார். போர்வீரராயிருந்து, 1521-இல் பம்பலோனாக் கோட்டையில் கால் முறிந்து, பின் மனந்திரும்பிய அர்ச். இஞ்ஞாசியாரும், நடப்பதும் ஓடுவதும் உடலுக்குப் பயிற்சியாவதுபோல் ஆத்துமத்துக்கும் பயிற்சி உண்டென்று கற்பித்தார். அவருடைய ஞானப் பயிற்சிகள் நூலை 1548-இல் பாப்பானவர் மூன்றாம் சின்னப்பர் அங்கீகரித்தார்.

இப்போது பூங்காவனத்தை நினைத்துப் பாருங்கள். நம் ஆண்டவர் இருட்டோடே எழுந்து தனியிடத்தில் ஜெபித்து வந்தவர். இரத்த வேர்வை வேர்த்த அந்த இராத்திரியிலும் வழக்கம்போல் முழந்தாளில் நின்றார். சேவகர் வந்தபோது எதிர்கொண்டு சென்றார். சீஷர்களோ ஒருமணி நேரம் விழித்திருக்க மாட்டாமல் தூங்கினார்கள், பிறகு ஓடிப்போனார்கள். விழித்து ஜெபித்தவர் நிலைத்தார், தூங்கினவர்கள் சிதறினார்கள்.

நம் வீடுகளுக்கும் அப்படிப்பட்ட இராத்திரி வரும். தகப்பனுக்கு வேலை போகலாம். தாய்க்குத் தீராத வியாதி என்று வைத்தியர் சொல்லலாம். மகன் குடிக்கு அடிமையாகலாம். கணவன் மனைவிக்குள் பேச்சு அற்றுப்போகலாம். அன்றைக்குத்தான் ஜெபமாலையைத் தேடினால் கை தடுமாறாதா? உறுதிப்பூசுதலால் நாம் கிறிஸ்துநாதரின் போர்வீரரானோம் என்று ஞானோபதேசத்தில் படித்தோமே. பெயரைப் பதிந்துவிட்டு மைதானத்துக்கே வராத வீரன் உண்டா?

பெற்றோர்களே, பரீட்சைக்கென்றால் பிள்ளையை நாலரை மணிக்குத் தட்டி எழுப்பிக் காப்பி கொடுக்கிறீர்கள். போலீஸ் வேலைத் தேர்வுக்கென்றால் மகனோடு மைதானம் வரைக்கும் போகிறீர்கள். நல்லதே. காலை ஜெபத்துக்கு மாத்திரம், "பாவம், தூங்கட்டும்" என்பது எந்த நியாயம்? பயிற்சிக் கழகத்திலே இறுதி நாளன்று பெற்றோர் தங்கள் கையாலேயே பிள்ளையின் தோளில் நட்சத்திரத்தைப் பொருத்தும் வழக்கம் உண்டு. அதைக் காணும் தாயின் ஆனந்தம் சொல்லி முடியாது. சர்வேசுரனுடைய சந்நிதியில் நம் மக்களோடு நிற்கும் நாளில் அதிலும் மேலான ஆனந்தம் நமக்கு வேண்டாமா?

"மனம் ஒட்டாமல் ஜெபித்து என்ன பயன்?" என்று சிலர் கேட்பார்கள். முதல் வாரத்தில் ஓடும் பிள்ளைக்கும் மனம் ஒட்டுவதில்லை. ஆனாலும் அவன் கால் பலப்படுகிறது. சோர்வோடு சொல்லும் ஜெபத்தையும் சர்வேசுரன் தள்ளமாட்டார். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அங்கே விசிலும் தண்டனையும் எழுப்பும். இங்கே நம்மை எழுப்ப ஆண்டவர் விசில் ஊதுவதில்லை. அன்பு ஒன்றே எழுப்பவேண்டும்.

ஆகையால் நாளைக் காலையே தொடங்குவோம். முதலில் சிறிதளவே போதும். கைப்பேசியைத் தொடுமுன், அடுப்புப் பற்றவைக்குமுன், வீட்டார் எல்லாரும் கூடிச் சிலுவை அடையாளம் வரைந்து, ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். எழ மாட்டாத சின்னப் பிள்ளையை மடியில் இருத்திக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாளாவது யாராவது ஒருவர் வீட்டின் பேரால் காலைப் பூசைக்கு வாருங்கள்.

பூங்காவனத்தில் விழித்திருந்த நம் ஆண்டவர், சோதனை நாளில் நம் குடும்பங்களைத் தாங்கிக் காத்தருள்வாராக. ஆமென்.