தட்டிப் பார்க்கிறவன்

சந்தையில் மண்பானை வாங்கும்போது எங்கள் அம்மாமார் விரலை மடக்கி ஒருதரம் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்ல பானை. சத்தம் அடைத்துக் கேட்டால் எங்கோ கீறல். சுரங்கம் குடைகிறவர்களின் உயிரும் இந்தச் சத்தத்தில்தான் தங்கியிருக்கிறது. வெடி வைத்துப் புகை அடங்கியதும் முதலில் உள்ளே போகிறவன் நீண்ட அலவாங்கால் கூரைப் பாறையைத் தட்டுகிறான். உறுதியான இடத்தில் நின்றுகொண்டு, கழன்றதை நெம்பி விழுத்துகிறான். இப்போது பெரிய சுரங்கங்களில் இயந்திரமும் இதைச் செய்கிறது. மற்றவர்கள் பிறகுதான் வருவார்கள்.

சுவிஸில் வாழும் நாங்கள் கோத்தார்ட் மலையை றெயினில் கடக்கும்போது இவனை நினைப்பதில்லை. 1882இல் திறக்கப்பட்ட 15 கிலோமீற்றர் பழைய சுரங்கத்தைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியத் தொழிலாளர்கள். அதில் இறந்தவர்களுக்கு அயிரோலோவில் நினைவுச் சின்னம் இருக்கிறது. 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீற்றர் புதிய சுரங்க வேலையிலும் 9 பேர் இறந்தார்கள். கல்லை முன்கூட்டியே விழுத்தியதால் தப்பியவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

தட்டிப் பார்த்தவனுக்கு நாங்கள் ஏதும் கடன்பட்டிருக்கிறோமா? கூலி கொடுத்தாயிற்றே என்று சொல்லலாம். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுக் கோப்பை கழுவ வந்த எங்களுக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் கூலி அவனுடைய நேரத்துக்குத்தான். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தும்போது, "பொறுங்கோ, இன்னும் ஒருக்காத் தட்டவேணும்" என்று சொல்வது கூலிக்குள் அடங்காது.

அப்படிச் சொல்ல எல்லோராலும் முடியுமா? 1875இல் கோஷெனென் பக்கத்துத் தொழிலாளர்கள் வெடிப்புகை தாங்காமலும் கூலி கூட்டக் கேட்டும் வேலையை நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள்.

எங்களை யாரும் சுடவில்லை. நாங்கள் வேலை செய்த ஒரு குசினியில் எண்ணெய்த் தாச்சியின் கைபிடி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் தெரியும். இரண்டு கிழமையாக முதலாளியிடம் ஒருவரும் சொல்லவில்லை. வேலை போனால் வதிவிட அனுமதிக்கும் ஆபத்து வரும் என்ற பயம். புதிதாக வந்த தம்பி ஒருவனின் கை வெந்தது.

பயத்தைக் காட்டி எங்களை நாங்கள் விடுவிக்க முடியாது. அந்தப் பயத்தில் எங்களை வைத்திருந்தவர்களையும் விட முடியாது. பாறையைத் தட்டிப் பார்க்க ஒருவனை அனுப்புகிறவர்கள், "இன்னும் வராதேங்கோ" என்று சொல்லும் உரிமையையும் கொடுத்தே அனுப்பவேண்டும். இல்லையென்றால் அவனுடைய தலையை வைத்தே பாறையைச் சோதிக்கிறார்கள்.

தம்பியின் கையில் தழும்பு இருக்கிறது. அவன் இன்றுவரை எங்களை ஒன்றும் கேட்கவில்லை.