கேட்போர் பெருகினால் விலையும் ஏறலாமா?

செஞ்சிக் கோட்டையையும் அதனை அடுத்த தொண்டூர் போன்ற சிற்றூர்களையும் அறிந்தோர், தேசிங்குராஜன் கதையை அறியாதிருக்க மாட்டார்கள். 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானை எதிர்த்து மாண்ட அவ்விளைஞனையும், மணக்கோலத்தை விடுத்துக் களம் புகுந்து அவனுக்காக உயிர் ஈந்த முஸ்லிம் தோழனையும் அக்கதைப்பாடல் ஒருசேரப் போற்றுகிறது. அது ‘பெரிய எழுத்து’ப் பதிப்பாக அச்சேறி மலிவு விலைக்கு விற்றது. பலரும் விரும்பியதாலன்றோ அது மலிவாயிற்று! படிகள் பெருகப் பெருக, அச்சுக்கோக்கும் செலவு ஒவ்வொரு படிக்கும் குறைந்துகொண்டே வரும். புகழ் வளர்ந்தது, விலை தாழ்ந்தது.

இன்றோ இந்நிலை தலைகீழாகிவிட்டது. இணையத்திலிருந்து பாடலை இறக்கிக்கொள்ளும் வாணிகத்தில், புகழுக்கேற்ப விலை ஏறலாம் என்னும் கொள்கை புகுந்தது. ஆப்பிள் நிறுவனம் 2003இல் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தபோது எப்பாடலுக்கும் 99 சென்ட் என ஒரே விலை வைத்தது. 2009 ஏப்ரலில் அம்முறை மாறி, 69 சென்ட், 99 சென்ட், ஒரு டாலர் 29 சென்ட் என மூன்று படிகள் வந்தன. 2006இல் அமெரிக்காவில் தோன்றிய ஏமி ஸ்ட்ரீட் என்னும் கடையோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கே புதிய பாடல் இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கிடைத்தது. வாங்குவோர் பெருகப் பெருக விலை 98 சென்ட் வரை ஏறியது.

இம்முறையை ஆதரிப்போர் கூறும் நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அறிமுகமில்லாத பாடகனின் பாட்டைக் காசு கொடுத்து வாங்க யார் துணிவார்? விலையின்றிக் கிடைத்தால் நாலு பேர் கேட்பார்கள். நல்லதாயின் நாற்பது பேரிடம் சொல்வார்கள். இவ்வாறு எளியவனுக்கு வாயில் திறக்கிறது என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. ஆயினும், முதலில் விலையைத் தாழ்த்துவது வேறு. பின்னர் ஏற்றிக்கொண்டே போவது வேறு. முன்னது அழைப்பு, பின்னது அறுவடை.

கத்தரிக்காயின் விலை ஏன் ஏறுகிறது? வரத்துக் குறைந்து, கேட்போர் மிகுவதால். ஒருவர் வாங்கிச் சென்றால் கூடையில் ஒன்று குறைகிறது. இறக்கிக்கொள்ளும் பாட்டு அவ்வாறு குறைவதுண்டோ? பத்து இலட்சம் பேர் எடுத்த பின்னும் அது முழுமையாகவே இருக்கிறது. குறையாத பொருளுக்குப் பற்றாக்குறை விலை கேட்பது முறையாகாது.

மதீனாவில் விலைகள் ஏறியபோது, விலையை வரையறுக்குமாறு மக்கள் வேண்டினர். எவருக்கும் அநீதி இழைத்துவிடலாகாது என்னும் அச்சத்தால் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை. ‘அவ்வாறாயின் விற்பவன் விருப்பமே சட்டமாகட்டும்’ என்று கொள்ளலாமா? பிற்காலத்து அறிஞர் இப்னு தைமிய்யா இங்கே ஒரு வேறுபாட்டைக் கண்டார். சந்தை தானாக இயங்கும்போது ஏறும் விலை வேறு. பண்டத்தை ஒருவரே கையில் வைத்துக்கொண்டு ஏற்றும் விலை வேறு. ஒரு பாட்டுக்கு உரிமையாளர் ஒருவரே. அதற்குப் போட்டிக் கடை கிடையாது. எனவே இதனைச் சந்தை விலை எனச் சொல்ல நம் மனம் ஒப்பவில்லை.

ஏறிய விலை யாரைச் சேர்கிறது என்பதும் எண்ணத்தக்கது. திரைப்பாடலின் உரிமை படத் தயாரிப்பாளரையே சேரும் என 1977இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவிஞரும் இசையமைப்பாளரும் உரிமைத் தொகையில் சமபங்கு பெற 2012ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. புகழை ஈட்டியவர் ஒருவர், புகழின் பயனைத் துய்ப்பவர் மற்றொருவர் என்றிருந்தால், விலையேற்றம் கலைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இசைமுரசு நாகூர் ஹனிபாவின் ஒலிநாடாக்களை நினைத்துப் பாருங்கள். ஊரெல்லாம் அறிந்த பாட்டும், பலர் அறியாத பாட்டும் ஒரே நாடாவில், ஒரே விலையில் வந்தன. ஒன்றை நாடி வாங்கியவர் மற்றவற்றையும் கேட்டார். புகழ்பெற்ற பாட்டு, புகழ்பெறாத பாட்டைத் தோளில் சுமந்து வந்தது. விலை பிரிந்தால் அத்தோழமையும் பிரிந்துவிடும்.

இறக்கிக்கொள்வது அருகி, இணையத்திலேயே கேட்கும் வழக்கம் பெருகிவிட்ட இந்நாளில், இச்சிக்கல் வேறு வடிவில் தொடர்கிறது. பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைத் தொகை இல்லை என்று ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 முதல் விதி செய்துள்ளது. தொண்டூரில் ஒருவர் பாடிப் பதிவுசெய்த பாட்டைத் தொள்ளாயிரம் பேர் கேட்டாலும், அவர் உழைப்பின் மதிப்பு அங்கே சுழி!

நாம் வேண்டுவது இதுவே: விலை ஒன்றாக இருக்கட்டும், விரும்பும் கலைஞர் தம் விருப்பத்தால் குறைத்துக்கொள்ளட்டும். பத்துப் பேர் கேட்ட பாட்டுக்குப் பத்துப் பங்கும், இலட்சம் பேர் கேட்ட பாட்டுக்கு இலட்சம் பங்கும் கிடைக்கட்டும். புகழுக்குரிய கூலி அந்த எண்ணிக்கையிலேயே அடங்கிவிடுகிறது. ஒரே புகழுக்கு எண்ணிக்கையில் ஒருமுறையும் விலையில் மறுமுறையும் கூலி கேட்பது, ஒரே மூட்டையை இருமுறை நிறுப்பதாகும். அளவையில் நேர்மை என்பது தானியத்துக்கு மட்டும் உரியதன்று, பாட்டுக்கும் உரியது.