கைந்நாட்டும் கடமையும்

அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் ஒப்புதல் பெறுதல் மருத்துவமனை மரபு. அதற்கான படிவத்தை நீட்டுபவர் பல வேளைகளில் தாதியே. குளுவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நகர மருத்துவமனைக்கு அழைத்து வரப்பெற்ற மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். படிவம் மலாயில் இருக்கிறது. அவர் அறிந்ததோ தமிழ் மட்டுமே. "புரிந்ததா பாட்டி?" என்கிறார் தாதி. தலை அசைகிறது, பெருவிரல் பதிகிறது. ஒப்புதல் கிடைத்துவிட்டதா?

நம் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பர் 29ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு இங்கு நினைக்கத் தக்கது. 1982இல் கார் விபத்தில் கழுத்தில் காயமுற்ற பெண்ணொருவர், அறுவைக்குப் பின் முடங்கிப் போனார். அவ்வாபத்து தமக்கு முன்னரே உரைக்கப்படவில்லை என்பது அவர்தம் முறையீடு. சக மருத்துவர் ஏற்கும் வழக்கமே போதும் என்ற 1957ஆம் ஆண்டின் ஆங்கிலேய அளவுகோல், ஆபத்தை எடுத்துரைக்கும் கடமைக்குப் பொருந்தாதென நீதிமன்றம் கூறிற்று. விபத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே இருபத்து நான்கு ஆண்டுகள்! நீதியின் நடை அத்துணை மெல்லியது.

ஆக, விளக்கும் பொறுப்பு மருத்துவருடையது. "யான் சாட்சி மட்டுமே" எனத் தாதி ஒதுங்கலாமா? எதற்குச் சாட்சி? விரல் பதிந்ததற்கா, மனம் அறிந்ததற்கா? 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டம் அவர்தம் பதிவையும் ஒழுங்கையும் வரையறுக்கிறது. ஒரு தலையசைப்பின் பொருளை எந்தச் சட்டமும் கற்றுத் தராது. "புரிந்தது ஐயா" என்னும் வகுப்பறைக் குரலைக் கேட்டுப் பழகிய ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் உண்மை வெளிப்பட்டுவிடும். நோயாளியிடமும் அவ்வாறே கேட்கலாம். இரண்டு நிமிடமே செலவாகும்.

உயிர் ஊசலாடும் அவசர வேளை வேறு. அங்கே கையொப்பத்துக்காகச் சிகிச்சை காத்திராது. மொழிபெயர்க்க வரும் பேரப்பிள்ளையோ, பாட்டி அஞ்சுவார் என்று பாதியை விழுங்கிவிடுகிறான். அன்புதான், ஆயினும் முடிவெடுக்கும் உரிமை பாட்டியினுடையதன்றோ?

இவற்றையெல்லாம் கண்ணெதிரே காண்பவர் தாதி. "டாக்டர், இவருக்கு இன்னும் விளங்கவில்லை" என்று சொல்வதே அவர் கடமை. நான்கு சொற்கள்தாம். ஆனால் கேட்பவர் மூத்த நிபுணர்; சொல்பவர் பணியில் சேர்ந்து ஓராண்டான இளம்பெண். அந்நான்கு சொற்களைத் தயங்காது சொல்ல, பயிற்சிக் காலத்தில் ஒருமுறையேனும் அவருக்கு வாய்ப்பளித்தோமா?