நம்மாளு

பல்கலைக்கழக வராண்டாக்களில் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். என்ன படித்தவர், யாரிடம் ஆய்வு செய்தவர் என்பதெல்லாம் பிறகு. முதலில் கேட்பது, “நம்மாளா?” என்றுதான். அந்த ஒரு சொல்லுக்குள் சாதி இருக்கலாம், ஊர் இருக்கலாம், மதம் இருக்கலாம், ஒரே வழிகாட்டியிடம் பட்டம் வாங்கிய உறவு இருக்கலாம். “ஆமாம்” என்று பதில் வந்துவிட்டால், வாடகை வீடு பார்த்துக் கொடுப்பதில் தொடங்கி, பதவி உயர்வுக் குழுவில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது வரை பல காரியங்கள் சத்தமில்லாமல் நடந்துவிடும். இந்தக் குழுவுக்குப் பதிவு எண் கிடையாது. தலைவர், பொருளாளர் கிடையாது. ஆகவே இதை யாரும் குழு என்று சொல்வதும் கிடையாது.

இதே காரியத்தைப் பெயர்ப்பலகை மாட்டி, தேதி குறித்துக் கூட்டம் போட்டுச் செய்தால் மட்டும் புருவங்கள் உயர்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கறுப்பினப் பேராசிரியர்கள், பெண் விஞ்ஞானிகள், மாற்றுத்திறனாளி ஊழியர்கள், தன்பால் ஈர்ப்புள்ளோர், குடியேறி வந்தவர்கள் எனத் தனித்தனி ஊழியர் குழுக்கள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. பல இடங்களில் நிர்வாகமே கூட்ட அறையும் சிறு தொகையும் தருகிறது. இந்தியாவில் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் நலச் சங்கங்கள் இருக்கின்றன. அறிவின் முன் எல்லோரும் சமம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பொது நிறுவனம், பிறப்பையும் உடலையும் வைத்து ஆள் சேர்க்கும் குழுக்களுக்கு இடம் தரலாமா? தரக்கூடாது என்பவர்களில் பலர் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் சொல்வதில்லை. சாதியைக் கேட்காத ஓர் இடமாவது மிஞ்சட்டுமே என்ற ஆசை அவர்களுக்கு இருக்கிறது. அந்த ஆசையை மதித்துத்தான் இந்தக் கேள்வியை எடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) 1990களில் நடந்ததைப் பார்க்கலாம். உயிரியல் பேராசிரியர் நான்சி ஹாப்கின்ஸ் அப்போது ஜீப்ரா மீன்களை வைத்து மரபணு ஆராய்ச்சிக்கு மாறியிருந்தார். மீன் தொட்டிகள் வைக்கக் கூடுதலாக 200 சதுர அடி கேட்டார். கிடைக்கவில்லை. ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, இன்ச் டேப்பும் கையுமாகத் தன் கட்டடத்து ஆய்வகங்களை ஒவ்வொன்றாக அளந்தார். தனக்கு இருப்பது சுமார் 1,500 சதுர அடி, தன் தகுதியில் உள்ள ஆண்களுக்கு ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு என்று தெரிந்தது. பிறகு, தானும் சேர்ந்து உருவாக்கிய பாடத்தைக் கற்பிப்பதிலிருந்தும் விலக்கப்பட்டார். கழகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அனுப்புவதற்கு முன், அதிகம் பழக்கமில்லாத சக பேராசிரியர் மேரி லூ பார்டியூவிடம் மதிய உணவின்போது அதைக் காட்டினார். புலம்புகிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம் ஹாப்கின்ஸுக்கு இருந்தது. படித்து முடித்த பார்டியூ, தானும் அதில் கையெழுத்துப் போட விரும்புவதாகச் சொன்னார்.

பிறகு அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 1994இல் எம்.ஐ.டி.யின் அறிவியல் புலத்தில் ஆறு துறைகள். நிரந்தரப் பதவியில் இருந்த ஆண்கள் 194 பேர், பெண்கள் 15 பேர். எண்ணுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனாலும் அதுவரை யாரும் எண்ணியிருக்கவில்லை. பொறியியல் புலத்தில் இருந்துகொண்டே அறிவியல் புலத்திலும் பணியாற்றியவர்களையும் சேர்த்து 17 பெண்களிடம் கேட்டார்கள். 16 பேர் சேர்ந்துகொண்டார்கள். புல முதன்மையர் ராபர்ட் பர்ஜினோ ஒரு குழு அமைக்க இசைந்தார். சம்பளம், இடம், ஆராய்ச்சிப் பணம், குழுப் பதவிகள் என்று எல்லாவற்றையும் கணக்கெடுத்த அந்தக் குழுவின் அறிக்கையின் சுருக்கம் 1999 மார்ச்சில் வெளிவந்தது. பாகுபாட்டில் பாதி உண்மை, பாதி மனத்தோற்றம் என்று அதுவரை நினைத்திருந்த கழகத் தலைவர் சார்லஸ் வெஸ்ட், உண்மையின் பங்குதான் மிகப் பெரிது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

இந்தக் கதையில் இன்ச் டேப்தான் பலருக்கும் நினைவில் நிற்கும். அதைவிட முக்கியமானது அந்த மதிய உணவு. அதற்கு முந்தைய நாள் வரை அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் தத்தம் கதையைத் தனக்கு மட்டும் நேர்ந்த ஒன்றாக வைத்திருந்தார்கள். துறைத் தலைவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை, என் ஆராய்ச்சி போதவில்லை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு சமாதானம் கையிருப்பில் இருந்தது. தவிர, இளைய பெண் பேராசிரியர்கள் தங்களுக்குப் பாகுபாடு எதுவும் இல்லை, அந்தப் பிரச்சினை முந்தைய தலைமுறையோடு தீர்ந்தது என்றே நம்பினார்கள். மூத்தவர்களும் இளமையில் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். ஒருத்தியின் வாழ்க்கைக்குள் நின்று பார்த்தால் தெரியாத ஒன்று பதினாறு வாழ்க்கைகளை அருகருகே வைத்தபோது தெரிந்தது.

இத்தகைய குழுக்களுக்கான வலுவான நியாயம் இதுதான் என்று தோன்றுகிறது. வழக்கமாகச் சொல்லப்படும் நியாயங்கள், அதாவது தோள் கொடுத்தல், தனிமை போக்குதல், தன்னம்பிக்கை ஊட்டல் எல்லாம் நல்லவைதான். ஆனால் அவை ஒரு நண்பராலும் முடியும். சிதறிக் கிடக்கும் அனுபவங்களைச் சேர்த்து வைத்து, இது விபத்தா வழக்கமா என்று பார்ப்பது குழுவால் மட்டுமே முடியும். அறிவை உண்டாக்குவதுதான் தன் தொழில் என்று சொல்லும் நிறுவனம் தன்னைப் பற்றியே உண்டாகும் அறிவுக்குக் கதவடைப்பது சரியாகுமா?

அந்த அறையின் கதவு மூடியிருக்கலாமா என்பது அடுத்த கேள்வி. ஆண்களும் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண்கள் பேசியிருப்பார்களா? அடுத்த ஆண்டுச் சம்பளத்தை முடிவு செய்யும் துறைத் தலைவர் எதிரே அமர்ந்திருக்க, எனக்கு இடம் குறைவு என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? அதிகாரம் கையில் இருப்பவருக்குத் திறந்த கதவு நியாயமாகத் தெரியும். அதிகாரத்துக்கு அஞ்ச வேண்டியவருக்கு அதே கதவு வாயை அடைத்துவிடும்.

ஆனாலும் மூடிய கதவுக்கு விலை உண்டு. எம்.ஐ.டி. அறிக்கை வந்த பிறகு விமர்சனமும் வந்தது. புகார் சொன்னவர்களே விசாரிக்கும் குழுவிலும் இருந்தார்கள், முழு விவரங்களை வெளியிடவில்லை, பிறர் எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டார்கள். பெண்களின் எண்ணிக்கை அவ்வளவு குறைவு, சம்பள விவரத்தை வெளியிட்டால் யாருடையது என்று உடனே தெரிந்துவிடும் என்பது கழகத் தரப்பின் காரணம். மூன்று மூத்த ஆண் பேராசிரியர்களும் குழுவில் இருந்தார்கள். இருந்தும் அந்த விமர்சனத்தை வெறும் காழ்ப்பு என்று தள்ளிவிட முடியாது. உள்ளே என்ன பேசினார்கள் என்று வெளியே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உள்ளிருந்து ஒரு கோரிக்கை வெளியே வரும்போது அது அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், வேறொருவர் வேறொரு டேப்பைக் கொண்டு அளந்தாலும் அதே கணக்கு வர வேண்டும். எங்களுக்கு வலிக்கிறது என்பது பேச்சைத் தொடங்கப் போதும். தீர்ப்பு எழுத அது மட்டும் போதாது.

இந்திய அரசு இந்தச் சிக்கலை விசித்திரமாகக் கையாள்கிறது. மத்திய அரசு ஊழியர் சங்கங்களை அங்கீகரிப்பதற்கான 1993ஆம் ஆண்டு விதிகளின்படி, சாதி, பழங்குடி, மதப் பிரிவு அடிப்படையில் அமையும் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடையாது. அதே அரசு, பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் விவகாரங்களைப் பார்க்க ஒவ்வொரு அமைச்சகத்திலும் தொடர்பு அலுவலர் வேண்டும் என்கிறது. பல்கலைக்கழகங்களில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவு வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் சொல்கிறது. குறை இருக்கிறது என்று அரசுக்குத் தெரியும். குறை உள்ளவர்கள் தாமாகக் கூடுவதில்தான் தயக்கம். நிர்வாகம் நியமித்த அலுவலர் நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கூடிய ஊழியர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வேண்டியவர்கள். இரண்டும் ஒன்றாகாது.

தலித் தலைவர் கன்ஷிராமின் பொதுவாழ்க்கை இந்த இடைவெளியில்தான் பிறந்தது. புனேயில் மத்திய அரசின் வெடிபொருள் ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் வேலை பார்த்தபோது, அம்பேத்கர், புத்தர் பிறந்தநாள் விடுமுறைகள் நீக்கப்பட்டன. எதிர்த்துக் கேட்டவர் விஞ்ஞானி அல்லர். தீனாபானா என்ற நான்காம் நிலை ஊழியர். அவருடைய வேலைக்கே ஆபத்து வந்தது. அவருக்காகக் கன்ஷிராம் நின்றதில் தொடங்கிய பயணம் 1978 டிசம்பர் 6 அன்று பாம்செஃப் என்ற ஊழியர் கூட்டமைப்பாக உருவெடுத்தது. அரசு ஊழியர் நடத்தை விதிகளை மனதில் வைத்து, போராட்டம் நடத்தாத, அரசியல் சாராத, மதம் சாராத அமைப்பு என்றே அது தன்னை அறிவித்துக்கொண்டது. தங்களைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பிய சமூகத்துக்குப் படித்த ஊழியர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. தோள் கொடுக்கும் குழு ஒன்று, தன் உறுப்பினர்களுக்கு உரிமையை மட்டும் சொல்லாமல் கடனையும் சொன்னது கவனிக்கத்தக்கது.

தீனாபானாவை நினைத்தால் இன்னொரு சங்கடம் எழுகிறது. பல்கலைக்கழகக் குழுக்கள் பேராசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் என்று பெயரளவில் சொல்லப்படுகின்றன. கூட்டமோ மதியம் ஒன்றரை மணிக்கு. பேராசிரியர் வகுப்பை முடித்துவிட்டு வரலாம். ஆய்வக உதவியாளர் மேலாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒப்பந்த நிறுவனத்தின் ஆளாக வரும் தூய்மைப் பணியாளர் பல்கலைக்கழக ஊழியரே இல்லை என்று கணக்கு சொல்லும். தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு அடுத்த ஆண்டு இருப்போமா என்பதே தெரியாது. ஆக, மிக அதிகமாக அஞ்ச வேண்டியவர்கள் அந்த அறைக்குள் இல்லை. எம்.ஐ.டி.யில் எழுந்த குரலும் நிரந்தரப் பதவியில் இருந்தவர்களின் குரல்தான் என்பதை மறக்கக்கூடாது. வேலை போகாது என்ற தைரியம் இருந்தவர்களால் பேச முடிந்தது.

நிர்வாகம் இக்குழுக்களை விரும்பத் தொடங்கும்போதும் எச்சரிக்கை தேவை. உளவியலாளர் அமாடோ பாடியா 1994இல் ‘பண்பாட்டு வரி’ என்று ஒன்றைக் குறிப்பிட்டார். சிறுபான்மைப் பேராசிரியர் ஒருவர் இருந்தால் எல்லாக் குழுக்களிலும் அவரையே உட்கார வைப்பது, அந்தச் சமூகத்து மாணவர்களையெல்லாம் அவர் தலையில் கட்டுவது, பதவி உயர்வு நேரத்தில் அந்த வேலையைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. ஊழியர் குழுவும் இந்த வரியின் கிளை அலுவலகமாகிவிடலாம். விழாவுக்குப் படம் எடுக்க அழைப்பார்கள், விளம்பரத் தாளில் முகம் வரும். இட ஒதுக்கீட்டில் நிரப்பப்படாத இடங்களைப் பற்றிக் கேட்டால், அதற்குத்தான் உங்கள் குழு இருக்கிறதே, யோசனை சொல்லுங்கள் என்பார்கள். வீட்டுக்காரர் செய்ய வேண்டிய கூரைப் பழுதைக் குடியிருப்பவர் தலையில் கட்டுவது போலத்தான் இது.

இன்று அமெரிக்காவில் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. டெக்சாஸ் மாநிலத்தின் எஸ்.பி. 17 சட்டம் 2024 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ அலுவலகங்களைத் தடை செய்தது. கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் மாணவர் அமைப்புகளின் செயல்பாடுகளுக்கும் வெளிப்படையான விலக்கு தந்த சட்டம், ஊழியர் குழுக்களை அப்படிப் பெயர் சொல்லிக் காப்பாற்றவில்லை. பொதுப்பணம் எந்தப் பிரிவுக்கும் தனியாகப் போகக்கூடாது என்பது ஆதரவாளர்களின் வாதம். அந்தக் கொள்கை தன்னளவில் தவறல்ல. ஆனால் தடை எட்டுவது பெயர்ப்பலகை உள்ள குழுவை மட்டுமே. டென்னிஸ் மைதானத்திலும் இரவு விருந்திலும் கூடும் பழைய ‘நம்மாளு’க் குழுவுக்குப் பல்கலைக்கழகப் பணம் ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை, ஆகவே அதற்கு எதுவும் குறையவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்லிக் கொண்டுவந்தது, பெயரில்லாத குழுவுக்கு ஒரு தனிச் சலுகையாக முடிகிறது.

அப்படியானால் பெயர் வைத்த குழுவும் ஒரு நாள் ‘நம்மாளு’க் குழுவாக மாறாதா? மாறும். ஆதிக்கத்தின் ருசிக்கு யாரும் விலக்கல்ல. புதிதாக வந்த தலித் விரிவுரையாளருக்கு எந்தத் தெருவில் சாதி கேட்காமல் வீடு தருவார்கள் என்று சங்கத்து மூத்தவர் சொல்வதும், ஆதிக்கச் சாதிப் பேராசிரியர் தன் ஊர்க்காரருக்கு வீடு பிடித்துத் தருவதும் பார்வைக்கு ஒரே செயல். முன்னது மூடிய கதவைச் சுற்றிக்கொண்டு போக வழி சொல்கிறது. பின்னது ஏற்கனவே திறந்த கதவை இன்னும் அகலமாகத் திறக்கிறது. ஆனால் அதே மூத்தவர் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து, எதிரே வந்து நிற்பவர் சங்கத்து உறுப்பினர் என்பதற்காக மதிப்பெண்ணைக் கூட்டினால், அந்த நொடியில் வித்தியாசம் அழிந்துவிடுகிறது. அந்த நாற்காலியில் உட்காரும்போது சங்கத்தை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும், அது முடியாதென்றால் எழுந்து போய்விட வேண்டும். வராண்டாவில் “நம்மாளா?” என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லிக்கூடப் பார்க்க முடியாது. தாங்கள் ஒரு குழு என்பதையே அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

எம்.ஐ.டி.யில் கேட்கப்பட்ட 17 பேரில் ஒருவர் மட்டும் சேரவில்லை. அவரும் பெண்தான், அதே துறைகளில், அதே ஆண்டுகளில் பணியாற்றியவர். பிறப்பால் ஒன்றாக இருப்பவர் மனத்தாலும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்று எந்தக் குழுவுக்கும் கேட்க உரிமை இல்லை. அவருக்கு அந்த அறை வேண்டியிருக்கவில்லை. மற்ற பதினாறு பேருக்கு வேண்டியிருந்தது.