விரதத்துல நான் தாண்டிப் போன ரெண்டு குட்டி

ஓம் சரவணபவ.

கந்த சஷ்டி நெருங்குது. "ப்ரோ, ஆறு நாளும் என்ன சாப்பிடலாம், ஆபீஸ் போயிக்கிட்டே விரதம் இருக்கலாமா"ன்னு நிறைய பேர் கேட்க ஆரம்பிச்சுட்டீங்க. அதுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி, போன சஷ்டியில எனக்கு நடந்த ஒண்ணைச் சொல்லிடறேன். பெருமைக்காகச் சொல்லல. இதுல பாதி நான் வெட்கப்பட வேண்டிய கதை.

விரதத்தோட மூணாவது நாள். ஐப்பசி மழை. வேலை முடிஞ்சு சாலிகிராமத்துல இருக்கிற ரூமுக்கு வந்து, குளிச்சு, வேட்டி கட்டி, நெத்தி நிறைய திருநீறு பூசிக்கிட்டு வடபழனி கோயிலுக்கு நடந்தேன். காதுல இயர்போன், அதுல திருப்புகழ்.

கோயிலுக்குப் போற சந்துல ஒரு வேன் நின்னுச்சு. அதுக்கு அடியில ரெண்டு நாய்க்குட்டி. பிறந்து ஒரு ஒன்றரை மாசம் இருக்கும். தண்ணி ஓடுற இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு நடுங்குது. ஒண்ணு என்னைப் பார்த்து முனகுச்சு. நான் குனிஞ்சு பார்த்தேன். கையும் நீட்டினேன். உடனே மனசுக்குள்ள ஒரு கணக்கு: குளிச்சுட்டு வந்திருக்கோம், விரதம், தொட்டா திரும்பப் போய்க் குளிக்கணும், நடை சாத்திடுவாங்க. கையை எடுத்துட்டேன். "முருகா, நீயே பார்த்துக்கோ"ன்னு சொல்லிட்டு நடந்தேன்.

யோசிச்சுப் பாருங்க. என் காதுல பாடிக்கிட்டு இருந்தது அருணகிரிநாதர் வாக்கு. அவர் தன்னையே "நாயேன்"னு சொல்லிக்கிட்டு முருகன் கால்ல விழுந்தவர். அந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டே நான் நாயைத் தாண்டிப் போறேன்!

வரிசையில முக்கால் மணி நேரம். வடபழனி ஆண்டவர் கால்ல பாதரட்சையோட நிக்கிறவர், உங்களுக்குத் தெரியும். நூறு தடவை பார்த்திருக்கேன். அன்னைக்குத்தான் அது வேற மாதிரி தெரிஞ்சது. கூப்பிட்டா உடனே கிளம்பறதுக்குத் தயாரா நிக்கிற சாமி. "நீயே பார்த்துக்கோ"ன்னு நான் அவர்கிட்ட தள்ளிவிட்டுட்டு வந்தேனே, அவர் யாரைக் கண்டு அந்தச் சந்துக்கு அனுப்பி வச்சார்? என்னைத்தான். நான்தான் நிக்காம வந்துட்டேன்.

பிரசாதம்கூட வாங்காம ஓடினேன்.

ஒரு குட்டி விறைச்சுப் போயிருந்தது. இன்னொண்ணு அதுமேலயே தலையை வச்சுப் படுத்திருந்தது.

அந்த முக்கால் மணி நேரத்தை நான் திரும்ப வாங்க முடியாது, மக்களே. எத்தனை சஷ்டி இருந்தாலும் முடியாது.

உயிரோட இருந்ததைத் தூக்கினேன். பயத்துல அது என் கட்டைவிரலைக் கடிச்சிடுச்சு. ரத்தம். துண்டுல சுத்தி, நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, ரூம்மேட்டை வண்டியோட வரச் சொல்லி கால்நடை டாக்டர்கிட்ட போனோம். அவர் சொன்னார்: இவ்வளவு சின்னக் குட்டி நனைஞ்சா குளிர்லயே போயிடலாம். முதல்ல துடைச்சு சூடு கொடுங்க, அப்புறம்தான் சாப்பாடு. குளிர்ந்து கிடக்கிற குட்டி வாயில பாலை ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும்னார். அப்புறம் என் விரலைப் பார்த்து, "முதல்ல இதைக் கழுவுங்க தம்பி"ன்னார். சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில கால் மணி நேரம். மறுநாள் காலையில அரசு ஆஸ்பத்திரியில ரேபிஸ் ஊசி. அதுக்கப்புறம் சொன்ன தேதியெல்லாம் தவறாம போய்ப் போட்டுக்கிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வச்சுக்கிட்டு முழிச்சிருந்தேன். விரல் வலிக்குது. "நல்லது செய்யப் போன என்னைக் கடிச்சிடுச்சே"ன்னு ஒரு ஓரத்துல கோபம். அப்போதான் சூரசம்ஹாரம் ஞாபகம் வந்தது.

கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்துல சொல்றது நமக்கெல்லாம் மனப்பாடம். சூரபத்மன் கடைசியில மாமரமா நிக்கிறான். வேல் அவனை ரெண்டா பிளக்குது. ஒரு பாதி மயிலா, ஒரு பாதி சேவலா மாறி எதிர்த்து வருது. கவனிங்க, அது கும்பிட வரல. சண்டைக்கு வருது. முருகன் என்ன பண்ணினார்? மயிலை வாகனமா ஏத்துக்கிட்டார், சேவலைக் கொடியில வச்சார். கடிக்க வந்ததுக்கு வீட்டுல இடம் கொடுத்தவர் நம்ம சாமி. இன்னைக்கு நாம "மயிலும் துணை"ன்னு சொல்றோமே, அந்த மயில் யாரு?

ஒரு குட்டி கடிச்சதுக்கு எனக்கு என்ன கோபம்!

மறுநாள் அம்மாவுக்கு போன் பண்ணினேன். அம்மா கோவில்பட்டியில இருக்காங்க, கழுகுமலை முருகன்னா உயிர். "ஏய்யா, விரதமும் அதுவுமா நாயைப் போய் வீட்டுக்குள்ள வச்சிருக்கியே, தீட்டு இல்லையா?"ன்னாங்க. நான் வாதாடல. செத்துப்போன குட்டியைப் பத்தி மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "சரி, பார்த்துக்கோ"ன்னு வச்சுட்டாங்க.

அடுத்த சோதனை சமையலறையில. ரெண்டு நாள் கழிச்சு, வேகவச்ச முட்டை கொஞ்சம் கொடுக்கலாம்னு டாக்டர் சொன்னார். சஷ்டி விரதத்துல வீட்டுல முட்டையா? ரொம்ப யோசிச்சேன். விரதம் எடுத்தது நான். குட்டி எடுக்கல. என் விரதத்துக்காக அது ஏன் பட்டினி கிடக்கணும்? தனிப் பாத்திரத்துல வேகவச்சுக் கொடுத்தேன். இது சரியா தப்பான்னு உங்கள்ல சில பேர் கேட்பீங்க. என் மனசுக்குச் சரின்னு பட்டது.

இதுக்கு எனக்குத் துணை நின்னவர் வள்ளலார். நிறைய பேருக்கு அவரை வடலூரோட மட்டும்தான் தெரியும். ஆனா அவர் சின்ன வயசுல உருகி உருகி நின்னது சென்னை கந்தகோட்டத்து முருகன் முன்னாடி. தெய்வமணிமாலை அந்தச் சந்நிதிக்குப் பாடினதுதான். அந்தப் பிள்ளைதான் பின்னாடி 1867ல வடலூர்ல சத்திய தருமச்சாலை தொடங்கினார். அந்த அடுப்பு இன்னைக்கும் அணையல. முருகன் முன்னாடி நின்ன கண்ணீர், பசிச்ச உயிருக்குச் சோறா மாறியிருக்கு. நம்ம பக்தி எதுவா மாறுதுன்னு நாமளும் கேட்டுக்கணும். வெறும் ஸ்டேட்டஸா மட்டும் மாறினா போதுமா?

இதைப் படிச்சுட்டு நாளைக்கே ஆளுக்கொரு குட்டியைத் தூக்கிட்டு வந்துடாதீங்க. அதுவும் பாவம்தான். நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். இது ஆறு நாள் விரதம் இல்ல, பன்னிரண்டு வருஷ விரதம். வேலை மாறினாலும், ஊர் மாறினாலும், கல்யாணம் ஆனாலும் விட முடியாது. பாதியில தெருவுல விட்டா, முதல்லயே எடுக்காதவனைவிட நாம மோசம்.

எடுக்க முடிஞ்சவங்க சிலது மனசுல வச்சுக்கோங்க. குட்டியைப் பார்த்ததும் தூக்காதீங்க. ஆபத்து இல்லாத இடம்னா, தாய் இரை தேடிப் போயிருக்கான்னு கொஞ்சம் காத்திருந்து பாருங்க. வீட்டுக்குக் கொண்டு வந்தா முதல் வேலை டாக்டர். ஆறிலிருந்து எட்டு வாரத்துல முதல் தடுப்பூசி, மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்ற தேதியில திரும்பவும். வயசு வந்ததும் கருத்தடை. சென்னையில வளர்த்தா மாநகராட்சி உரிமமும் வேணும். எடுக்க முடியாதவங்க, அடிபட்டதை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போங்க. 1903லேயே தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில இருக்கு. அங்கேயே ஆஸ்பத்திரியும் இருக்கு. அதுவும் சேவைதான்.

தெருநாயைக் கண்டு பயப்படறவங்களைக் கேலி பண்ணாதீங்க. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா அநேகமா யாரும் பிழைக்கிறதில்ல. குழந்தை வச்சிருக்கிறவங்க பயம் நியாயமானது. ஊசி போட்டு, கருத்தடை பண்ணி, பொறுப்பா வளர்க்கிறதுதான் அந்தப் பயத்துக்கு நாம சொல்ற மரியாதையான பதில்.

ஆறாவது நாள், சூரசம்ஹாரம். திருச்செந்தூர் நேரலையை லேப்டாப்ல போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில குட்டி. தினைமாவு நிறம். வள்ளி காத்த தினைப்புனம் ஞாபகம் வந்து "தினை"ன்னு பேர் வச்சேன். வேல் விட்ட நேரத்துல கடற்கரையே "அரோகரா"ன்னுச்சு. தினை காதைத் தூக்கிப் பார்த்துட்டுத் திரும்பப் படுத்துக்கிச்சு.

அப்போ அம்மா போன். எப்பவும் "ஏய்யா, சாப்பிட்டியா"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அன்னைக்கு கேட்டாங்க:

"அது சாப்பிட்டுச்சா?"

எனக்கு விரதம் பூர்த்தியானது அந்த நொடியிலதான்.

இந்த சஷ்டிக்கு என்ன சாப்பிடலாம்னு கேட்டீங்கல்ல? அதை உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க. நான் சொல்றது ஒண்ணுதான். கோயிலுக்குப் போற வழியில யாராவது, எதுவாவது முனகினா, இயர்போனைக் கழட்டுங்க. நடை சாத்தினா நாளைக்குத் திறக்கும்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!